பதிமூன்றாம் தேதிப் பெருக்கல்

‘இன்று நீங்கள் பால் குடித்தீர்களா?’ என்று கேட்கிறது பேருந்து நிறுத்தத்து விளம்பரப் பலகை. “குடிச்சாச்சு, குடிச்சாச்சு” என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பியூ அக்கா சாலையைக் கடப்பார். தினமும் இதே கதை. பால் குடிக்காத நாளில், “இன்னிக்கு இல்ல, வயிறு சரியில்ல” என்று பலகையிடம் காரணமும் சொல்வார். பக்கத்தில் நடந்து வருகிற எனக்குத்தான் மானம் போகும்.

கேள்வி என்று ஒன்று கண்ணிலோ காதிலோ பட்டுவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. வானொலி அறிவிப்பாளர், “இந்த மழை எப்போதுதான் நிற்குமோ!” என்று சும்மா பெருமூச்சு விட்டால், “வியாழக்கிழமை” என்பார். வாடிக்கையாளர் ஒருவர் தன் மனைவியிடம், “குடைய எங்க வெச்சே?” என்று கேட்டால், அந்த அம்மாள் வாய் திறப்பதற்குள் அக்காவின் பதில் வந்துவிடும்: “கதவுக்குப் பின்னால, நீலக் குடைதானே?” ஒருநாள் தவறான எண்ணுக்கு அழைத்த யாரோ, “பல் ஆஸ்பத்திரிங்களா?” என்று கேட்டிருக்கிறார். “இல்லீங்க. ஆனா ரெண்டு கடை தள்ளி ஒரு நல்ல டாக்டர் இருக்கார். எந்தப் பல்லு?” என்று தொடங்கி, கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் வைத்தார்.

முழுப்பெயர் கோ பியூ. வயது ஐம்பத்தொன்று. ஜியாயி நகரில் நிலப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்த் தெரு முழுக்கப் பத்திரம் எழுதும் கடைகள்தாம். அதில் லியாவ் ஐயாவின் கடையில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறார். பதினோரு வருடமாக எனக்கு அடுத்த மேசை. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் ஜோடியாக வைப்பார். அது கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வேலை ஓடாது. மதியம் வான்கோழிச் சோற்றில் முதலில் சோறு முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு, கறியைக் கடைசியில் தனியாக, கண்ணை மூடிக்கொண்டு தின்பார். ஏன் அக்கா என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. “நல்ல சேதிய கடைசியில சொல்ற மாதிரிடி.”

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா சின்ன வயதில் மனக்கணக்குப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். இரண்டு எண்களைச் சொன்னால் போதும், வலது கை விரல்கள் மேசைமேல் இல்லாத மணிச்சட்டத்தைத் தள்ள ஆரம்பித்துவிடும். நான் கால்குலேட்டரை மேசை இழுப்பறையிலிருந்து எடுப்பதற்குள் விடை வந்திருக்கும். நிலத்தின் நீள அகலத்தைப் படித்துக் காட்டுகிற வாடிக்கையாளர்கள் அந்த விரல்களைப் பார்த்து வாயடைத்துப் போவார்கள். அக்கா ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் எவ்வளவு குதூகலம் என்று எனக்குத் தெரியாதா!

இப்படிப்பட்டவரிடம் போய் ஒரு வைரஸ் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

எங்கள் குடியரசு ஆண்டு எண்பத்தெட்டில், ஆங்கிலக் கணக்கில் 1999-இல், ஒரு மாதம் பதிமூன்றாம் தேதி காலை, அக்கா ஒரு பத்திரத்தைத் திறந்தார். திரை நடுவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ‘4327-ஐ 6118-ஆல் பெருக்கினால் எவ்வளவு?’ கீழே விடை எழுத ஓர் இடம். வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள், பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள், மின்சாரத்தையாவது நிறுத்தியிருப்பார்கள். அக்காவின் விரல்கள் மேசையில் ஓடின. இரண்டு கோடியே அறுபத்து நாலு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்தாறு. தட்டினார். ‘சரியான விடை. அடுத்த மாதம் சந்திப்போம்’ என்று சொல்லிவிட்டுப் பெட்டி மறைந்துவிட்டது.

“பத்திரம் எழுதறவங்க சங்கத்துலேருந்து பரீட்சை வெக்கிறாங்க போல” என்றார் அக்கா. முகம் மலர்ந்து கிடந்தது. “தட்டச்சுக்காரங்களுக்குக் கணக்கு வருதான்னு பாக்கறாங்க. நியாயந்தானே?”

நாங்களும் நம்பினோம். அடுத்த மாதம் பதிமூன்றாம் தேதி நாலு கம்ப்யூட்டரிலும் பெட்டி வந்தது. “பியூ அக்கா! என்னுதுலயும் பரீட்சை!” என்று ஆளாளுக்குக் கூப்பிட, அவர் செருப்பைக்கூடப் போடாமல் மேசை மேசையாகப் போய் விடை சொன்னார். மூன்றாம் மாதம் பக்கத்துக் கடைகளிலிருந்து தொலைபேசி வர ஆரம்பித்தது. எங்கள் ஃப்ளாப்பிகள் தெருவெல்லாம் போய் வந்துகொண்டிருந்தன அல்லவா, பரீட்சையும் கூடவே போய்விட்டது. “அக்கா, ஒன்பதாயிரத்து நானூத்திப் பத்தை…” என்று அந்தப் பக்கம் ஆரம்பிப்பார்கள். இவர் தோளில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு விரலை ஓட்டுவார். ஒரு பதிமூன்றாம் தேதி நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தார். “நான் வரலன்னா நீங்கள்லாம் ஃபெயிலாயிடுவீங்களேடி!”

இதில் உச்சக் கூத்து லியாவ் ஐயா செய்ததுதான். சங்கத்து விருந்தில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்க மாசாந்திரப் பரீட்சையில எங்க பியூ ஒரு தடவகூடத் தவறினதில்ல” என்று பெருமை அடித்துவிட்டு வந்தார். தலைவருக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் தன் சங்கத்தில் தனக்கே தெரியாமல் ஒரு பரீட்சை நடக்கிறது என்று நாலு பேர் முன்னால் எப்படி ஒத்துக்கொள்வார்? “ஆமாமாம், ரொம்பத் திருப்தி” என்று கோப்பையை உயர்த்தியிருக்கிறார். அத்தோடு சந்தேகப்பட வேண்டியவர்கள் எல்லோரும் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டோம். ஏழு மாதம் அந்த வைரஸ் எங்களிடம் ராஜ மரியாதையோடு குடித்தனம் நடத்தியது.

எட்டாம் மாதம் அக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். நாள் பார்த்தவர் பதிமூன்றாம் தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டார். பரீட்சை இருக்கிறது, வேறு நாள் பாருங்கள் என்று அக்கா அவரிடம் போய் மன்றாடிய சங்கதி பிறகுதான் எங்களுக்குத் தெரியும். நாள் மாறவில்லை. அக்கா போகாமல் முடியுமா, போனார்.

அன்று காலை என் திரையில் பெட்டி வந்தது. கால்குலேட்டரை எடுத்துப் போட்டேன். அவசரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றி அழுத்திவிட்டேன் போல. படபடவென்று இருபது வெற்று ஆவணங்கள் திறந்தன. மறுபடி ஒரு பெருக்கல். எதையோ தட்டினேன். இன்னும் இருபது. கம்ப்யூட்டர் அப்படியே உறைந்தது. மற்ற மூன்றும் அடுத்தடுத்து அதே கதி. கேட்டுக்கொள்ளுங்கள், வெட்கத்தோடு சொல்கிறேன்: நான் விருந்து மண்டபத்துக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தோடு காத்திருக்க, அக்கா பட்டு உடுப்போடு போனுக்கு வந்து விடை சொன்னார். பயனில்லை. உறைந்த கம்ப்யூட்டர் விடையை வாங்கிக்கொள்ளுமா?

கம்ப்யூட்டர் கடைக்காரர் பெங் வந்தார். அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

“பரீட்சையா? ஐயோ, இது மேக்ரோ வைரஸ்ங்க! எத்தன மாசமா இருக்கு?”

“ஏழு” என்றேன்.

“ஏழு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“பதில் சொல்லிட்டிருந்தோம்.”

மேக்ரோ என்றால், ஆவணத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நமக்காக வேலை செய்கிற சின்னக் கட்டளைக் கூட்டம் என்று பெங் விளக்கினார். எங்களிடமே அவர் எழுதிக் கொடுத்த நல்ல மேக்ரோ ஒன்று இருந்தது. ஆங்கில வருடத்தைக் குடியரசு வருடமாக்கும். எண்களை யாரும் திருத்த முடியாத பத்திர எழுத்தாக மாற்றும். அதே வேடத்தில் கெட்டதும் வரும். புது ஆவணங்கள் பிறக்கிற மூல அச்சுக்குள் புகுந்துவிட்டால், பிறகு நாம் எழுதுகிற ஒவ்வொன்றும் நோயோடுதான் பிறக்கும்.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, புதுப் பதிப்பைப் போட்டு, பாதுகாப்பு என்று ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். மூன்று நிலைகள். உச்சத்தில் வைத்தால், நம்பகமானவரின் கம்ப்யூட்டர் கையொப்பம் இல்லாத மேக்ரோ எதுவும் ஓடாது. நம்மைக் கேட்கவும் கேட்காது. கீழே வைத்தால் திறந்த வீடு. நடுவில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி வந்து, மேக்ரோவை ஓட விடலாமா, வேண்டாமா என்று கேட்கும்.

“உச்சத்துல வெச்சிடலாம்” என்றார் பெங்.

“அப்போ நம்ம எண் மாத்துற மேக்ரோ?” என்றார் லியாவ் ஐயா.

“அதுக்கும் கையொப்பம் போடணும். அது எப்படின்னு நானே இனிமேதான் படிக்கணும். அதுவரைக்கும் ஓடாது.”

“அப்ப நடுவுல வை.”

“வெக்கலாம். ஆனா அது கேள்வி கேக்கும்…” என்று இழுத்தார் பெங். எல்லோரும் பியூ அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

அதற்குள் விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. சங்கத் தலைவரே போன் செய்து, “உங்க பரீட்சை எப்படிப் போகுது?” என்று குத்தலாகக் கேட்டாராம். லியாவ் ஐயாவுக்கு முகம் செத்துவிட்டது. அன்று சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “பியூ, இன்னொரு தடவ அந்தப் பெருக்கல் உன் திரையில வந்துச்சுன்னா, கம்ப்யூட்டர யுன்கிட்ட விட்டுடு. நீ முத்திரை மேசைக்குப் போயிடு.” யுன் என்பது நான்தான்.

முத்திரை மேசை கடையின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பத்திரத்தின் இரண்டு பக்கங்கள் சேரும் விளிம்புகளில், கையெழுத்துக்குப் பதிலாக வாடிக்கையாளர்களின் பெயர் முத்திரைகளைச் சிவப்பு மையில் தோய்த்து நாள் முழுக்க அழுத்த வேண்டும். அங்கே உட்கார்ந்தால் பக்கங்களின் ஓரம் மட்டும்தான் கண்ணில் படும். யார் வீடு யாருக்குப் போகிறது, எந்த அண்ணன் எந்தத் தங்கைக்கு எழுதி வைக்கிறான் என்று ஒன்றும் தெரியாது. அக்காவுக்கோ அதைத் தட்டச்சு செய்து, வாய்விட்டுப் படித்துக் காட்டி, “சரியா இருக்காங்க?” என்று வாடிக்கையாளரைக் கேட்பதுதான் பிழைப்பு, சந்தோஷம், எல்லாமே. அன்று பேருந்து நிறுத்தப் பலகை கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஆனால் மறுநாளே நிமிர்ந்துவிட்டார். ஜியாயியின் சதுர பிஸ்கட் பெட்டிகளைப் பை நிறைய வாங்கிக்கொண்டு, தான் போனில் விடை சொன்ன பதினோரு கடைகளுக்கும் ஏறி இறங்கினார். “நான் குடுத்த விடை சரிதான். குடுத்ததுதான் தப்பு” என்று குனிந்து மன்னிப்புக் கேட்டு, பிஸ்கட்டை நீட்டி, அப்படியே அவர்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து நிலையை மாற்றி வைத்துவிட்டு வந்தார். கீழே இருந்ததையெல்லாம் மேலே ஏற்றினார். வேண்டாம் என்று சொன்ன ஒரு கிழவரிடம், “ஏன் வேண்டாம்? என்ன காரணம்?” என்று கேட்டு அரை மணி நேரம் நகரவே இல்லையாம். அவர் தோற்றுப்போய் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு கேள்வி கேட்கிறவர் அவரானார். வெளியிலிருந்து எந்த ஃப்ளாப்பி வந்தாலும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு விசாரணை. “யாரு குடுத்தா? நாம கேட்டு வாங்கினதா, தானா வந்ததா? இதுக்கு முன்னால எந்தக் கம்ப்யூட்டர்ல படுத்திருந்துச்சு?” வந்தவர் முகம் சுருங்கும். எங்கள் ஊரில் ஒருவர் கொடுத்த பொருளைப் பார்த்து, இதில் நோய் இருக்கிறதா என்று கேட்பது அவர் வீட்டையே பழிப்பது மாதிரி. அக்கா அசரவில்லை. வெளி ஆவணம் என்றால் பெட்டி வந்ததும் ‘வேண்டாம்’ பொத்தான்தான். நம் கடை ஆவணம் என்றால் மட்டும், “நம்மளதா?” என்று ஒரு தடவை கேட்பார். ஆமாம் என்றால் ‘விடலாம்’. எண் மாற்றும் மேக்ரோ ஓட வேண்டுமே. தெருவில் அவருக்குச் சுங்கச்சாவடி என்று பேர் வைத்தார்கள். வைத்தது நான்தான்.

நாலு மாதம் பெருக்கல் எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் மாதம் ஏழாம் தேதி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கும் நேரம். மீன்குட்டை முதலாளி சியாவ் உள்ளே வந்துவிட்டார். பெரிய வாடிக்கையாளர். பதினேழு குட்டைகளின் விவரம் ஃப்ளாப்பியில் இருக்கிறது, பத்திரத்தில் சேர்க்க வேண்டும், வெளியே வண்டி நிற்கிறது என்றார். தூக்கக் கண்ணோடு திறந்தேன். பெட்டி கேட்டது. ‘வேண்டாம்’ என்று அழுத்தினேன். குட்டைகளின் அளவுகள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. “அதுல ஏதோ மேக்ரோ இருக்கும்மா, விட்டாத்தான் நெரம்பும். ஏன், எங்க ஆபீஸ் மேல சந்தேகமா?” என்றார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்து, ‘விடலாம்’ அழுத்தினேன். அட்டவணை நிரம்பியது. அவர் நன்றி சொல்லிக்கொண்டு போனார்.

அக்கா தலையைத் தூக்கி, “யாரு ஃப்ளாப்பிடி அது?” என்றார்.

“நம்மளதுதான், தூங்குங்க” என்றேன். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத பொய். சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பத்திரத்தை முடித்து, படித்துப் பார்க்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். ஃப்ளாப்பிமேல் ஒட்டிய சீட்டில் என் கையெழுத்து. “நம்மளதா?” என்றார். “நம்மளதேதான்” என்றேன். அக்கா ‘விடலாம்’ அழுத்தினார்.

பதிமூன்றாம் தேதி காலை அக்காவின் திரையில் சாம்பல் நிறப் பெட்டி நின்றது. ‘7406-ஐ 3985-ஆல் பெருக்கினால் எவ்வளவு?’

லியாவ் ஐயா தேநீர்க் கோப்பையோடு சரியாக அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் வலது கை மேசைக்கு மேல் எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் இறக்கிக்கொண்டார்.

“பியூ,” என்றார் ஐயா. சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “இது யார் ஃப்ளாப்பியிலேருந்து வந்துச்சு?”

அக்காவுக்குத் தெரியும். என் கையெழுத்துச் சீட்டு ஒட்டிய ஃப்ளாப்பி இன்னும் அவர் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. வானொலிக்கும் விளம்பரப் பலகைக்கும் பதில் சொல்கிறவர். உதடு பிரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வராததால் மறுபடி திறந்து பார்த்தேன். அக்கா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன்னத்தான் கேக்கறேன்.”

அக்கா வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. ஐயா பின்பக்கம் போய், முத்திரைகளும் சிவப்பு மையும் இருந்த தட்டை எடுத்துவந்து அக்காவின் மேசையில் வைத்தார். அக்கா கீபோர்டைத் தள்ளி அதற்கு இடம் விட்டார்.

அதைப் பார்த்த பிறகும் நான் உட்கார்ந்திருந்தால் நான் மனுஷியே இல்லை. “நான்தாங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னேன். “சியாவ் ஐயா கொண்டுவந்ததுங்க. நான்தான் ‘விடலாம்’ அழுத்தினேன். அக்காகிட்ட நம்மளதுன்னு பொய் சொன்னேன்.”

லியாவ் ஐயா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “யுன், நீ முத்திரை மேசைக்குப் போ” என்றார். அப்படியே போனை எடுத்து, “பெங், நீ கையொப்பம் படிச்சு முடிச்சியோ இல்லியோ, இன்னிக்கே வந்து உச்சத்துல வெச்சிட்டுப் போ” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டை எடுக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். “உன்ன யாருடி கேட்டா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். அவரே தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். மாடிப்படிக்குக் கீழே அதை வைத்துவிட்டு என் வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, சட்டைக்கை அழுக்காகாமல் இருக்கத் தன் முன்கைகளில் போட்டிருந்த நீலத் துணி உறைகளைக் கழற்றி, முதலில் என் வலது கையில், பிறகு இடது கையில் மாட்டி, எலாஸ்டிக்கை முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டார்.